பஸ்டர் கீட்டனுக்குக் குரல் இருந்தது

'சன்செட் புல்வார்' படத்தில், மௌனப் படக் காலத்துக் காமெடி நட்சத்திரம் பஸ்டர் கீட்டனுக்கு மொத்த வசனமே ஒரு சொல்தான்: "பாஸ்." நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாருமே மௌனப் படக் காலத்து ஆட்கள். கதை சொல்லும் வில்லியம் ஹோல்டன் அவர்களை மெழுகு பொம்மைகள் என்று நக்கலடிக்கிறார். கன்னமெல்லாம் தொங்கிப்போன கீட்டன் கையிலிருக்கும் சீட்டைப் பார்த்து "பாஸ்" என்கிறார், அதாவது ஏலம் கேட்கவில்லை என்று அர்த்தம். சற்றுப் பொறுத்து மறுபடியும் "பாஸ்." அதோடு சரி. 1950ல் வந்த படம் அது. (நிஜ வாழ்க்கையில் கீட்டன் பிரிட்ஜில் கில்லாடி. அவர் கையில் அவ்வளவு மோசமான சீட்டு விழுந்ததுதான் அந்தக் காட்சியின் பெரிய கற்பனை.)

இந்தக் காட்சியைக் காட்டி எல்லாரும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. பேசும்படம் வந்தது, மௌனப் படக்காரர்களுக்குக் குரல் ஒத்துழைக்கவில்லை, மார்க்கெட் போனது, குடியில் விழுந்தார்கள், ஜனங்கள் மறந்துபோனார்கள். கீட்டனையும் பெரும்பாலும் இந்தச் சட்டைக்குள்தான் திணிப்பார்கள். அவருடைய பேசும்படங்களைத் தேடிப்பிடித்துப் பார்க்கப் பார்க்க, இந்தக் கதை அவருக்குப் பொருந்தவே இல்லை என்று எனக்குப் படுகிறது. அவரைச் சாய்த்தது 1928ல் அவர் போட்ட ஒரு கையெழுத்து. மைக் பாவம், அதற்கு இதில் பெரிய பங்கு கிடையாது.

முதலில் குரல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கீட்டன் 1895ல் கான்சாஸ் மாநிலத்தில் பிக்வா என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். அப்பா ஜோ, அம்மா மைரா, இரண்டு பேருமே ஊர் ஊராகப் போய் மேடை நிகழ்ச்சி நடத்திப் பிழைத்தவர்கள். பையனுக்கு விவரம் தெரிவதற்குள் அவனையும் மேடையேற்றிவிட்டார்கள். அப்பா பையனைத் தூக்கி எறிவார். எறிய வசதியாக இருக்கட்டும் என்று அவன் சட்டை முதுகில் ஒரு பெட்டிக் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள். குழந்தையைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று புகார் போய் விசாரணை வந்ததும் உண்டு. விழுந்து எழுந்ததும் தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, உம்மென்று நின்றால் கொட்டகை அதிர்கிறது என்பதை அந்த வயதிலேயே பிடித்துக்கொண்டார். பிற்பாடு உலகமே பார்த்த அந்தக் கல் முகம் அங்கே உருவானது.

1917ல், இருபத்தொரு வயதில் காமெடி நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படங்கள் வழியாக சினிமாவுக்கு வரும்வரை மேடைதான் அவருக்குச் சோறு போட்டது. மேடையில் பேச்சு, பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட ஆளுக்கு வசனம் பேச என்ன பயம்? குரலும் ஒன்றும் மோசமில்லை. அடித்தொண்டையிலிருந்து வரும் கரகரத்த, ஏற்ற இறக்கமில்லாத குரல். அந்த முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான குரலை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. நடிகை கிரேட்டா கார்போவின் ஸ்வீடன் உச்சரிப்பையே ஆசை ஆசையாகக் கேட்ட ஜனங்கள் இந்தக் கான்சாஸ்காரரின் குரலையா வேண்டாம் என்றிருப்பார்கள்?

சரி, அப்படியானால் என்னதான் நடந்தது?

அதற்கு அவர் எப்படி வேலை செய்தார் என்பது தெரியவேண்டும். 1920லிருந்து 1928 வரை கீட்டனுக்கென்று தனி யூனிட் இருந்தது. பணம் போட்டவர் ஜோசப் ஷெங்க். கீட்டனின் மனைவி நட்டாலி டால்மட்ஜின் அக்கா நார்மாவைக் கட்டியவர், அதாவது கீட்டனுக்குச் சகலை. பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். எழுதிய திரைக்கதை என்று ஒன்று கிடையாது. தொடக்கம் கிடைக்கவேண்டும், முடிவு கிடைக்கவேண்டும், நடுவில் உள்ளது தானாக வந்துவிடும் என்பது அவர்கள் கட்சி. காமெடி யோசிக்க கிளைட் பிரக்மன், ஜீன் ஹாவெஸ், ஜோசப் மிட்செல். கேமராவுக்கு எல்ஜின் லெஸ்லி. செட்டுக்கும் இயந்திர வேலைகளுக்கும் ஃப்ரெட் கேபரி. யோசனை ஓடவில்லையா, எல்லாருமாக பேஸ்பால் ஆடப் போய்விடுவார்கள். ஆட்டத்துக்கு நடுவில் யாருக்காவது ஏதாவது தோன்றும். மட்டையைப் போட்டுவிட்டு மறுபடி கேமராவிடம் ஓடுவார்கள்.

இப்படி வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 'தி ஜெனரல்' படத்தில் ஒரு துண்டு போதும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். திருடுபோன தன் ரயில் எஞ்சினை இன்னொரு எஞ்சினில் துரத்திப் போகிறான் ஜானி கிரே. முன்னால் போகிறவர்கள் தண்டவாளத்தில் மரக்கட்டைகளைப் போட்டுக்கொண்டே போகிறார்கள். ஜானி இறங்கி ஓடி ஒரு கட்டையைப் பெயர்த்துத் தூக்குகிறான். அதற்குள் பின்னால் வந்த அவனுடைய எஞ்சினே அவனை அப்படியே முன்பக்கக் கம்பியில் அள்ளிக்கொள்கிறது. மடியில் ஆள் உயரக் கட்டை. எதிரே தண்டவாளத்தின் குறுக்கே இன்னொரு கட்டை வந்துகொண்டிருக்கிறது. ஒரு கணம் யோசிக்கிறான். கையிலிருந்த கட்டையை எதிரே கிடக்கும் கட்டையின் நுனியில் ஓங்கிப் போடுகிறான். அது எகிற, இரண்டும் வெளியே போய் விழுகின்றன. ஓடும் நிஜ எஞ்சினின் முகப்பில் உட்கார்ந்து செய்தது இது. குறி தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்தக் காட்சியில் ஆபத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒரு கண யோசனை. மௌனப் படக் கீட்டன் முட்டாள் கிடையாது. உலகம் அவனுக்கு எதிராக ஏதோ ஒரு இயந்திரத்தை ஏவிவிடுகிறது. அவன் அதை உற்றுப் பார்த்து, கணக்குப் போட்டு, விடை கண்டுபிடிக்கிறான். விடை சரியாகவும் இருக்கும், வேடிக்கையாகவும் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'தி ஜெனரல்' ஏழரை லட்சம் டாலர் அளவுக்கு இழுத்துவிட்டது. ஓரிகான் மாநிலத்தில் ஆற்றுப் பாலத்தோடு நிஜ ரயில் எஞ்சினைக் கவிழ்த்து எடுத்த அந்த ஒரே ஷாட்டுக்கு மட்டும் 42,000 டாலர் என்பார்கள். படம் அமெரிக்காவில் போட்ட பணத்தை எடுக்கவில்லை. அடுத்தடுத்த படங்களும் கைகொடுக்கவில்லை. 1928ல் ஷெங்க் இந்த யூனிட்டை மூடிவிட முடிவு செய்து, கீட்டனை எம்ஜிஎம் என்ற பெரிய ஸ்டுடியோ பக்கம் அனுப்பினார். எம்ஜிஎம்மின் தாய் நிறுவனத்தை நடத்தியவர் அவருடைய சொந்தத் தம்பி நிக்கோலஸ். குடும்பத்துக்குள் கைமாற்றிய மாதிரிதான். அங்கே போகாதே, உன்னை நசுக்கிவிடுவார்கள் என்று சக காமெடி நடிகர்களான சாப்ளினும் ஹெரால்ட் லாய்டும் எச்சரித்ததாகக் கீட்டன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். வாரச் சம்பளம் 3,000 டாலர். கையெழுத்துப் போட்டார்.

சாப்ளினோடு அவரை ஒப்பிடுகிறவர்கள் இந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். சாப்ளினுக்குச் சொந்த ஸ்டுடியோ இருந்தது, விநியோகக் கம்பெனியிலும் பங்கு இருந்தது. அதனால்தான் 1940ல் 'தி கிரேட் டிக்டேட்டர்' வரைக்கும் முழுதாக வசனம் பேசாமல் அவரால் காத்திருக்க முடிந்தது. லாய்ட் தன் படங்களைத் தானே தயாரித்தவர். கீட்டனுக்குச் சம்பளம் இருந்தது, லாபத்தில் ஒரு பகுதி இருந்தது. ஆனால் அவர் பெயரையே தாங்கிய கம்பெனியில் அவருக்குப் பங்கு கிடையாது. மூடும்போது அவரைக் கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கலைஞனுக்குக் கணக்கு வழக்கு தெரியவேண்டாம் என்று பெருமையாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

எம்ஜிஎம்மில் முதல் படம் 'தி கேமராமேன்', 1928. மௌனப் படம். இன்னும் பழைய கீட்டன் மிச்சமிருக்கிறார். நீச்சல் குளத்தில் உடை மாற்றும் அறைக் காட்சி ஒன்று உண்டு. ஒரு ஆள் நிற்கவே இடம் போதாத மரத் தடுப்புக்குள் கீட்டனும் ஒரு சிடுமூஞ்சி ஆளும் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உடை மாற்ற வேண்டும். அவன் கை இவன் சட்டைக்குள் போகிறது, இவன் தலை அவன் தோள்பட்டை வாருக்குள் மாட்டுகிறது. கேமரா நகர்வதே இல்லை. எதிரே நடிப்பவர் எட்வர்ட் பிரோஃபி, படப்பிடிப்பு நிர்வாகத்தில் இருந்தவர். பொருத்தமாக இருக்கிறார் என்று இழுத்துவந்து உள்ளே தள்ளிவிட்டார்கள். இந்த மாதிரிக் காட்சியைத் தாளில் எழுத முடியாது. இரண்டு பேரையும் உள்ளே விட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்த படம் 'ஸ்பைட் மேரேஜ்', 1929. கீட்டன் இதைப் பேசும்படமாகவே எடுக்க ஆசைப்பட்டார். கவனிக்க, அவரேதான் கேட்டார். ஸ்டுடியோ ஒத்துக்கொள்ளவில்லை. ஒலி வந்துவிட்டது என்பதற்காக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை, தேவையான இடத்தில் பேசலாம், மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு காரியத்தைச் செய்யலாம் என்பது அவர் எண்ணம். இன்றைக்குக் கேட்டால் இதில் என்ன புதுமை என்போம். 1929ல் அதைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை.

அந்தப் படத்தில் ஒரு படுக்கையறைக் காட்சி. யாரோ ஒருவனைக் கடுப்பேற்றுவதற்காகக் கதாநாயகனைக் கட்டிக்கொண்ட நடிகை, முதலிரவன்று மூக்குமுட்டக் குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிறாள். அவளைத் தூக்கிக் கட்டிலில் போடவேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்தப் பக்கம் தூக்கினால் அந்தப் பக்கம் வழுக்குகிறாள். நாற்காலியில் சாய்த்தால் நாற்காலியோடு சரிகிறாள். பாதி உடம்பு கட்டிலில் ஏறும்போது மீதிப் பாதி தரைக்கு வந்துவிடுகிறது. டோரதி செபாஸ்டியன் எலும்பே இல்லாதவர்போல் நடித்திருப்பார். இதில் ஆபாசம் துளியும் இல்லை. பிணம்போல் கனக்கும் உடம்பு, பொறுமை இழக்காத ஒரு மனிதன், புவியீர்ப்பு விசை. மேற்பார்வையாளர் லாரன்ஸ் வைங்கார்டனுக்குக் காட்சி பிடிக்கவில்லை, வெட்டச் சொன்னார். கீட்டன் சண்டை போட்டுக் காப்பாற்றினார். இந்தக் காட்சி மறுபடி வரும்.

1930ல் 'ஃப்ரீ அண்ட் ஈஸி'. கீட்டன் கதாநாயகனாகப் பேசி நடித்த முதல் படம். பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். கான்சாஸிலிருந்து ஓர் அழகிப் போட்டி வெற்றியாளரை ஹாலிவுட்டுக்குக் கூட்டிவரும் எல்மர் என்ற அப்பாவி. வசனம் வசனமாகப் போகிறது. கீட்டன் சொல்லைத் தப்பாகச் சொல்லி உளறவேண்டும், அதற்கு நாம் சிரிக்கவேண்டும். கடைசியில் படத்துக்குள் எடுக்கப்படும் படத்துக்காக அவருக்குக் கோமாளி வேஷம் போட்டு, பொம்மலாட்டப் பொம்மைபோல் கயிறு கட்டி மேலே இழுக்கிறார்கள். பிறகு வெள்ளை பூசிய முகத்தோடு நிற்கிறார். பெண்ணை ராபர்ட் மான்ட்கோமரி கூட்டிக்கொண்டு போகிறார். தன்னை அறியாமலே ஸ்டுடியோ எழுதிக்கொடுத்த வாக்குமூலம் மாதிரி இருக்கிறது.

மௌனப் படக் கீட்டனின் அந்த ஒரு கண யோசனை இங்கே காணோம். எல்மர் யோசிக்கமாட்டான். எல்மருக்கு எல்லாம் தவறிப்போகும், அவன் திருதிருவென்று விழிப்பான். இந்த எல்மர் என்ற பெயரையே படத்துக்குப் படம் ஒட்டினார்கள். எஞ்சினை ஓட்டியவனை எடுபிடியாக்கிய கதைதான்.

ஒலியின் பங்கு இதில் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தொழில்நுட்பம் சில கதவுகளை மூடியது உண்மை. தொடக்கத்தில் கேமரா ஓடும் சத்தம் பதிவாகிவிடும் என்று அதை ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள். மைக்கை எங்கே ஒளித்து வைத்தார்களோ அங்கேயே நின்று பேசவேண்டும். இன்னொன்று, மௌனப் படத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். சற்று மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆள் வேகமாகத் தெரிவான். விழுவதும் ஓடுவதும் எந்த வேகத்தில் தெரியவேண்டும் என்பதை கேமராமேன் கை தீர்மானித்தது. ஒலி வந்ததும் வினாடிக்கு 24 பிரேம் என்று கட்டிப்போட்டாகிவிட்டது. அப்புறம் கொட்டகைச் சிரிப்பு. மௌனப் படத்தில் ஜனங்கள் எவ்வளவு நேரம் சிரித்தாலும் ஒன்றும் தவறிப்போகாது. பேசும்படத்தில் சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கிவிடும்.

ஆனால் இதே தொல்லைகள் லாரல் ஹார்டிக்கும் இருந்தனவே. அவர்கள் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் தாண்டினார்கள். காரணம், ஹால் ரோச்சின் சின்ன ஸ்டுடியோவில் அவர்களுடைய பழைய ஆட்கள் அப்படியே இருந்தார்கள். காமெடியை ஸ்டான் லாரல் தன் விருப்பத்துக்கு வடிவமைக்க விட்டார்கள். கீட்டனுக்கு எம்ஜிஎம் செய்தது இதற்கு நேர் எதிர். அவருடைய கூட்டத்தைப் பிரித்தது. அச்சடித்த வசனத்தைக் கையில் கொடுத்தது. 1931ல் 'சைட்வாக்ஸ் ஆஃப் நியூயார்க்' படத்துக்கு இயக்குநர்களாக ஜூல்ஸ் ஒயிட், சயன் மையர்ஸ் என்று இருவரைப் போட்டது. அதுவரை அவர்களுடைய முக்கிய சாதனை, நாய்களுக்குச் சட்டை மாட்டி, பின்னணியில் மனிதக் குரல் கொடுத்து எடுத்த குறும்படங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர்கள் கீட்டனுக்கு எப்படி நடப்பது, எப்படி நிற்பது, எப்படி விழுவது என்று பாடம் எடுத்தார்கள். கீட்டனுக்கு விழச் சொல்லிக்கொடுத்தார்கள்!

இதில் கசப்பான பகுதி என்னவென்றால், படங்கள் ஓடின. 'ஃப்ரீ அண்ட் ஈஸி'யும் 'சைட்வாக்ஸ்'ஸும் அவருடைய மௌனப் படங்கள் சிலவற்றைவிட நன்றாகவே காசு பார்த்தன. ஜனங்கள் அவர் குரலைக் கேட்டார்கள், டிக்கெட் எடுத்தார்கள். பேசும்படம் கீட்டனைத் தோற்கடித்தது என்பவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. லாபம் வருகிற வரைக்கும் நாங்கள் செய்வதுதான் சரி என்று ஸ்டுடியோ சொன்னது. அதை மறுக்க அவரிடம் எண்கள் இல்லை. 'தி ஜெனரல்' நஷ்டம், இந்தக் குப்பை லாபம் என்றால் எந்த வாயால் வாதாடுவது?

போதாக்குறைக்கு ஒரே படத்தை வேற்று மொழிகளிலும் திரும்ப எடுத்தார்கள். பிற்காலத்தில் நம் கோடம்பாக்கத்தில் ஒரே கதையைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று எடுத்ததுபோல. 'ஃப்ரீ அண்ட் ஈஸி'க்கு ஸ்பானிஷ், 'பார்லர், பெட்ரூம் அண்ட் பாத்' படத்துக்கு பிரெஞ்சும் ஜெர்மனும். அர்த்தம் தெரியாத மொழியில் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து ஒப்பித்தார். பிடிக்காத படத்தில் மூன்று தடவை நடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு ஜிம்மி டுராண்டேயை ஜோடி சேர்த்தார்கள். மூச்சுவிடாமல் பேசும் காமெடியன். மூன்று படங்கள். டுராண்டே திட்டமிட்டுக் கெடுத்தார் என்றெல்லாம் சொல்ல முடியாது, அவர் அவருடைய வேலையைச் செய்தார். அவர் பேசும் பேச்சில் கீட்டன் மேஜை நாற்காலி மாதிரி ஆகிவிடுகிறார். இதற்குள் வீட்டிலும் எல்லாம் உடைந்துவிட்டது. 1932ல் விவாகரத்து. நட்டாலி இரண்டு மகன்களின் குடும்பப் பெயரையும் டால்மட்ஜ் என்று மாற்றிவிட்டார். குடி எல்லை மீறியது. மதுவிலக்கு நீங்கும் காலத்தில் பீர் காய்ச்ச நினைக்கும் இருவரைப் பற்றிய 'வாட்! நோ பீர்?' படத்தில் அவருடைய நாக்குக் குழறுவதை நாமே கேட்கலாம். 1933 தொடக்கத்தில் எம்ஜிஎம் அவரை வெளியே அனுப்பியது. இந்த வருஷங்களைப் பற்றி நிறையப் பேர் கண்ணீரும் கம்பலையுமாக எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை.

எனக்கு ஆர்வமெல்லாம் அதற்குப் பிறகு. அவர் நிற்கவே இல்லை. எஜுகேஷனல் பிக்சர்ஸ் என்ற சின்ன கம்பெனிக்கு 1934 முதல் 1937 வரை 16 குறும்படங்கள். சில நாட்களில் எடுத்து முடித்துவிடும் மலிவுச் சரக்கு. பெரும்பாலானவை சுமார். ஆனால் 1936ல் வந்த 'கிராண்ட் ஸ்லாம் ஆபரா'வைப் பார்த்துவிடுங்கள். கதை எழுதியதிலும் கீட்டனுக்குப் பங்குண்டு. அரிசோனாவிலிருந்து ஒருவன் திறமையாளர்களைத் தேடும் வானொலி நிகழ்ச்சிக்கு வருகிறான். அவனுக்கு என்ன தெரியும்? பந்துகளை மேலே எறிந்து பிடிக்கத் தெரியும். வானொலியில்! மைக்குக்கு முன்னால் நின்று அமைதியாக, அழகாக எறிந்து பிடிக்கிறான். கேட்கிறவர்களுக்கு ஒன்றுமே கேட்காது. பேசும்படக் காலத்தில் தன் நிலைமை என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக அவர் வேறெங்கும் சொல்லவில்லை. அதே படத்தில் வாடகை அறையில் நடனத்துக்குப் பேர்போன நடிகர் ஃப்ரெட் அஸ்டேரைக் கேலி செய்து அறைகலன்கள் மீதெல்லாம் ஏறி ஆடுவார். உடம்பு அதுபாட்டுக்கு வேலை செய்வதைப் பார்த்தால் இவரையா முடிந்துபோனவர் என்றார்கள் என்று தோன்றும்.

1937ல் அதே எம்ஜிஎம்முக்குத் திரும்பினார். இந்தத் தடவை நடிகராக இல்லை; மற்றவர்கள் படத்துக்குக் காமெடி யோசித்துக் கொடுப்பவராக. வாரத்துக்கு 100 டாலர். 3,000 வாங்கிய இடத்தில் 100. அவமானம்தான். ஆனால் குடித்து அழிந்துபோனார் என்று சொல்லப்படும் மனிதர் வருஷக்கணக்காக அங்கே வேலை பார்த்தார். கொலம்பியா ஸ்டுடியோவுக்கு 1939 முதல் 1941 வரை 10 குறும்படங்களில் நடிக்கவும் செய்தார். அங்கே தயாரிப்பாளர் யார் தெரியுமா? அதே ஜூல்ஸ் ஒயிட். விதிக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் ஜாஸ்தி.

1940ல் எம்ஜிஎம் நடனக்காரி எலினார் நாரிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். எலினாருக்கு வயது 21, இவருக்கு 44. பிரிட்ஜ் கற்றுக்கொள்ள வந்த பெண். கடைசிவரை கூட இருந்தார். அவர் நிமிர்ந்ததில் பாதிப் புண்ணியம் எலினாருடையது.

எம்ஜிஎம்மில் காமெடி நடிகர் ரெட் ஸ்கெல்டன் படங்களுக்குக் கீட்டன் யோசித்துக் கொடுத்தார். 1948ல் வந்த 'எ சதர்ன் யாங்கி'யில் ஒரு காட்சி: இரண்டு படைகளுக்கும் நடுவில் ஸ்கெல்டன் நடந்துபோகவேண்டும். சுட்டுவிடுவார்கள். அதனால் சீருடையில் ஒரு பாதி வடக்குப் படை, மறு பாதி தெற்குப் படை, கொடியும் அப்படியே. இரு பக்கமும் தங்கள் ஆள் என்று ஆரவாரம் செய்கின்றன, கொடியும் உடையும் பக்கம் மாறித் தெரியும்வரை. 'தி ஜெனரல்' எடுத்த மூளை, அதே உள்நாட்டுப் போர், பெயர் மட்டும் வேறொருவருடையது.

அந்தப் படுக்கையறைக் காட்சிக்கு வருகிறேன். 1943ல் 'ஸ்பைட் மேரேஜ்' கதையை வைத்து ஸ்கெல்டனும் எலினார் பவலும் நடிக்க 'ஐ டூட் இட்' எடுத்தார்கள். மேற்பார்வையாளர் வெட்டச் சொன்ன அந்தக் காட்சி இதில் மறுபடி வருகிறது. அப்புறம் 1947ல் கீட்டன் பாரிஸ் போனார். மெத்ரானோ சர்க்கஸ் வளையத்தில், சுற்றிலும் கூட்டம் உட்கார்ந்திருக்க, ஒரு கட்டிலைப் போட்டு, எலினாரை மயங்கிய மணப்பெண்ணாக்கி, அதே காட்சியைச் செய்தார். வசனம் இல்லை, கேமரா இல்லை, வெட்டு இல்லை. கொட்டகை சிரித்தது. ஒலி வந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆகியிருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய காட்சி, அவருக்கு வயது ஐம்பத்தொன்றைத் தாண்டியிருந்தது. தூக்கிப் போட்டு, வழுக்கி, மறுபடி தூக்கி, ஒவ்வொரு இரவும்.

1949ல் காற்று திசை மாறியது. 'இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்' படத்தில் விலையுயர்ந்த வயலின் ஒன்று நம்பும்படியாகவும் சிரிக்கும்படியாகவும் உடையவேண்டும். யோசித்துச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். அந்த மாதிரி விழ வேறு யாராலும் முடியாது என்று தெரிந்ததும் அவரையே நடிக்க வைத்தார்கள். அதே ஆண்டு விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி 'லைஃப்' பத்திரிகையில் மௌனக் காமெடியைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை அவர் பெயரை மறுபடி ஜனங்கள் வாயில் போட்டது. தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி வந்தது. 1952ல் சாப்ளினின் 'லைம்லைட்'டில் சாப்ளின் வயலினும் இவர் பியானோவுமாக ஒரே மேடையில் வந்தார்கள். கண்பார்வை மங்கிய பியானோக்காரர், நிற்காமல் வழுக்கி விழும் இசைத்தாள்கள். இருவரும் சேர்ந்து நடித்த படம் அது ஒன்றுதான்.

படங்களும் திரும்பக் கிடைக்க ஆரம்பித்தன. கீட்டன் கட்டி, விவாகரத்தில் இழந்த பெவர்லி ஹில்ஸ் மாளிகையைப் பிற்பாடு நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கியிருந்தார். அங்கே பழைய படப்பெட்டிகள் அகப்பட்டன. 1957ல் பாரமவுண்ட் கீட்டனின் வாழ்க்கையைப் படமாக எடுத்தது. படம் படுமோசம், உண்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உரிமைக்குக் கொடுத்த 50,000 டாலரில் உட்லேண்ட் ஹில்ஸில் ஒரு வீடு வாங்கினார். மோசமான படத்தால் நடந்த உருப்படியான காரியம். 1960ல் கௌரவ ஆஸ்கர். விளம்பரங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், கடற்கரைப் பையன்கள் ஆடிப்பாடும் விடலைப் படங்கள், எதையும் விடவில்லை. இதெல்லாம் அவருக்குக் கௌரவக் குறைச்சல் என்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ வேலை செய்யப் பிடித்த ஒரு மனிதர்தான் தெரிகிறார். 1964ல் நியூயார்க்கில் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் எழுதிய 'ஃபில்ம்' என்ற குறும்படத்தில் நடித்தார். முழுப் படத்திலும் ஒலி என்பது ஒரே ஒரு "ஷ்ஷ்"தான், அதுவும் வேறொருவருடையது. 1965ல் வெனிஸ் விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயில் காலமானார், எழுபது வயதில்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கனடா அரசின் திரைப்பட வாரியம் 1964ல் அவரை வைத்து எடுத்த 'தி ரெயில்ராடர்'. தண்டவாளத்தில் ஓடும் குட்டி மோட்டார் வண்டியில் ஏறி, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை போகிறார். வசனமே கிடையாது. இந்தப் படம் எடுக்கப்பட்டதையே 'பஸ்டர் கீட்டன் ரைட்ஸ் எகெய்ன்' என்று ஓர் ஆவணப்படமாகவும் எடுத்தார்கள். அதில் ஒரு சண்டை வருகிறது. மிக உயரமான ரயில் பாலத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கீட்டன் பெரிய வரைபடம் ஒன்றைப் பிரிக்க, அது காற்றில் அவர்மேல் சுற்றிக்கொள்ளவேண்டும் என்பது அவர் யோசனை. இளம் இயக்குநர் ஜெரால்ட் பாட்டர்டனுக்குப் பயம். பாலத்தில் வேண்டாம், வேறு எதாவது பண்ணலாம் என்கிறார். கீட்டன் ரயில் பெட்டிக்குத் திரும்பிவந்து எலினாரிடம் பொருமுகிறார். இதில் என்ன ஆபத்து, இது சின்னப் பிள்ளை விளையாட்டு, இதைவிடப் பெரியதெல்லாம் தூக்கத்தில் செய்வேன் என்கிற தோரணை. பாலம்தான் காட்சியே, பாலத்தை எடுத்துவிட்டால் என்ன இருக்கிறது என்று வாதாடுகிறார். இருமல் நடுநடுவே குறுக்கிடுகிறது. அந்தக் கரகரத்த குரலில் கோபம், கணக்கு, பிடிவாதம் மூன்றும் இருக்கின்றன. 'ஃப்ரீ அண்ட் ஈஸி'யில் யாரும் கேட்காமல் விட்ட குரல் இது.

இயக்குநர் விட்டுக்கொடுத்தார். வண்டி பாலத்தில் ஏறியது, வரைபடம் விரிந்தது, கிழவர் அதற்குள் சிக்கிக்கொண்டு மல்லுக்கட்டினார். படத்தில் பார்க்கலாம். 'ரெயில்ராடர்' இருபத்தைந்து நிமிடம், ஆவணப்படம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வாரியம் இரண்டையும் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் ஆவணப்படத்தைப் பாருங்கள். சண்டையைக் கேட்டபிறகு பாலத்தைப் பார்த்தால் சுவை கூடுதல்.